அனுப்புவதா, உடன் செல்வதா?



கொட்டிவாக்கத்தில் அஸருக்குப் பின் நடக்கும் மதரஸா வகுப்பு முடிந்த ஒரு மாலையில், மாணவி ஒருத்தியின் தந்தை தயங்கியவாறு வந்து நின்றார். "ஹஜ்ரத், விடுமுறைக்கு மும்பை போகிறோம். அங்கே 'முகலே ஆஸம்' இசை நாடகம் பார்க்க வேண்டுமென்று மூத்த மகள் கேட்கிறாள். நம் முகலாயர் கதைதானே? தோழியருடன் அனுப்பலாமா?" என்றார்.

முதலில், "நம் கதை" என்பதைத் தெளிவுபடுத்தினோம். கே. ஆசிஃப் 1960இல் எடுத்த திரைப்படத்தை, ஃபெரோஸ் அப்பாஸ் கான் 2016இல் மும்பையில் மேடையேற்றினார். நடிகையர் மேடையிலேயே நேரடியாகப் பாடுகின்றனர். கதக் குழுவினர் ஆடுகின்றனர். கதையின் உயிரான அனார்கலியோ, அபுல் ஃபஸ்லின் அக்பர் நாமாவில் இல்லை. செவிவழியாக வந்த அக்கதையை இம்தியாஸ் அலி தாஜ் 1922இல் உருது நாடகமாக்கினார். பெயர்கள் முஸ்லிம் பெயர்களாயிருப்பதால் மட்டும் ஒரு காட்சி வரலாறாகிவிடாது, மார்க்கமாகவும் ஆகிவிடாது.

அடுத்து, சட்டம். நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் இசைக்கருவிகளை அனுமதிப்பதில்லை. இமாம் இப்னு ஹஸ்ம் அனுமதித்தார். இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் நிபந்தனைகளோடு விரிவாக ஆராய்ந்தார். நாம் பெரும்பான்மைக் கருத்தைச் சார்ந்தவர்கள். அதை அவரிடம் மறைக்கவில்லை. ஆயினும் அவ்வளவோடு நிறுத்த நமக்கு மனம் வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற கேள்வியுடன் வந்த மாணவர் ஒருவருக்கு "கூடாது" என்ற ஒற்றைச் சொல்லில் விடையளித்தோம். அவர் சென்றார். அதன்பின் நம்மிடம் எந்தக் கேள்வியும் கொண்டுவரவில்லை. அந்த மௌனம் இன்றும் நம்மை உறுத்துகிறது.

ஒரு பெருநாளில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. அன்னை ஆயிஷா (ரலி) அதைக் காண விரும்பினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள், அன்னையார் தாமே போதுமென்று சொல்லும்வரை உடன் நின்றார்கள். இதை இசை நாடகத்திற்கு ஆதாரமாக நாம் காட்டவில்லை. ஓர் இளம்பெண்ணின் ஆவலை எப்படி மதிப்பது என்பதற்கே காட்டுகிறோம்.

ஆகவே அத்தந்தையிடம் சொன்னோம்: "வேண்டாமென்று முடிவெடுத்தால், மகளின் அருகில் அமர்ந்து காரணத்தைச் சொல்லுங்கள். போகலாமென்று முடிவெடுத்தால், அனுப்பாதீர்கள், அழைத்துச் செல்லுங்கள். மாலைக் காட்சியெனில் மக்ரிபை முன்கூட்டியே நினையுங்கள். ஷாஃபிஈ மத்ஹபில் பயணி மக்ரிபை இஷாவுடன் சேர்த்துத் தொழலாம். ஹனஃபிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. தொழ இடம் எங்கே என்பதை நுழைவுச்சீட்டு வாங்கும் முன்பே விசாரியுங்கள்."

"எனக்கு அதிலெல்லாம் நாட்டமில்லையே, ஹஜ்ரத்" என்றார்.

"மகளுக்கு இருக்கிறதே" என்றோம்.

அவர் என்ன முடிவெடுத்தார் என்று நாம் கேட்கவில்லை. பெற்றோரே, உங்கள் பிள்ளை இன்னும் உங்களிடம் அனுமதி கேட்கிறதென்றால், அது அல்லாஹ் தந்த அருட்கொடை. விடை எதுவாயினும், அடுத்த முறையும் அப்பிள்ளை உங்களிடமே வந்து கேட்கும்படி அது அமையட்டும்.

அல்லாஹ் நன்கறிந்தவன்.