வாளை வைத்துவிட்டுப் போன தளபதி

விண்வெளிப் போர்ப் படங்களில் வரும் விசித்திர வீரர்களைப் பார்த்து வியக்கிறோம். அவர்களையெல்லாம் மிஞ்சியவர் பரஞ்சோதி!

மருத்துவம் படித்தவர். வடமொழி நூல்களும் கற்றவர். யானையேற்றம், குதிரையேற்றத்தில் வல்லவர். 642-ம் ஆண்டு மாமல்லன் நரசிம்மவர்மனின் படை வாதாபியை வீழ்த்தியது. அந்தப் படையை நடத்தியவர் இவரே என்பது சரித்திர ஆசிரியர்கள் கருத்து.

பிறகு நடந்ததுதான் அதிசயம். தளபதி ஒரு சிவனடியார் என்று அரசனுக்குத் தெரிந்தது. அடியாரைப் போருக்கு அனுப்பிவிட்டோமே என்று பதறினான். மன்னிப்புக் கேட்டான். பொன்னும் பொருளும் கொடுத்து ஊருக்கு அனுப்பினான். சேக்கிழார் சொல்லும் கதை இது. (அவரும் பழைய செங்கற்பட்டு ஜில்லாக் குன்றத்தூர்க்காரர்தான்!) பரஞ்சோதி சிறுத்தொண்டர் ஆனார்.

ஜெயித்த தளபதியிடம் மன்னிப்புக் கேட்ட மன்னன் வேறு எங்கே உண்டு?

மாமல்லபுரத்தில் பிள்ளைகளுக்குக் கல் யானையைக் காட்டுகிறீர்கள். மாமல்லன் பெயரையும் சொல்கிறீர்கள். பரஞ்சோதியையும் சொல்லுங்கள். “ஜெயித்தவர் ஏன் போனார்?” என்று பிள்ளை கேட்கட்டும்.