பாட்டுக்கு உடையவர் யார்?

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் எம்மிடம் ஒரு வினாவைத் தொடுத்தான். புலமைச் சொத்துப் பற்றி விளக்கவுரை ஆற்றப் பாடசாலைக்கு வந்த ஒருவர், கடையிலே இனிப்பைத் திருடுவதும் இணையத்திலே காசு கொடாது பாட்டைத் தரவிறக்குவதும் ஒரே குற்றந்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "அப்படியென்றால் நாங்கள் எல்லாரும் கள்ளரா, சேர்?" என்பதே அவன் வினா. வகுப்புச் சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் பாதிப் பொய்யே சொன்னவர்களாவோம் என்பது அக்கணமே புலப்பட்டது. அன்று கொடுக்கத் தவறிய மறுமொழியை இங்கு எழுத முற்படுகிறோம்.

"பாட்டுக் களவு" என்னும் சொற்றொடர் தானாக முளைத்ததன்று. ஜேர்மனியின் பிரவுன்கோபர் ஆய்வு நிறுவனத்தார் முன்னின்று உருவாக்கிய எம்.பி.3 முறை, ஒரு பாட்டின் தரவைப் பத்தில் ஒரு பங்களவுக்குச் சுருக்கிவிட்டது. 1999ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவனாக இருந்த ஷோன் பானிங் என்பான் நாப்ஸ்டர் என்ற ஏற்பாட்டை வெளியிட்டான். ஒருவர் கணினியில் உள்ள பாட்டை இன்னொருவர் நேரே எடுத்துக்கொள்ள அது வழிசெய்தது. இலட்சோப இலட்சம் இளைஞர் அதில் திரண்டனர். ஏறத்தாழ ஆறு மாதத்தில் ஒலிப்பதிவுக் கம்பனிகளின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2001 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கம்பனிகளின் பக்கம் தீர்ப்பளிக்க, யூலையில் நாப்ஸ்டரின் சேவை நின்றது. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. வழக்காளிகளுள் ஒன்றான பி.எம்.ஜி. கம்பனியின் உடைமையாளராகிய பேர்ட்டல்ஸ்மன், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2000 ஒக்ரோபரில், அதே நாப்ஸ்டருடன் கைகோத்துப் பணமும் கடனாகக் கொடுத்தது! களவைத் தடுக்க வந்தவர்களின் ஒழுக்கக் கவலை எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நாப்ஸ்டர் மூடப்பட்டும் பகிர்வு நிற்கவில்லை. ஆகவே கம்பனிகள் கேட்பவர் மீதே பாய்ந்தன. 2003 செப்ரெம்பரில் ஒரே நாளில் 261 பேர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர்களுள் ஒருத்தி, நியூயோர்க் நகரத்தில் வறியோருக்கான அரசாங்கக் குடியிருப்பொன்றில் தாயுடன் வாழ்ந்த 12 வயதுச் சிறுமி. 2,000 டொலர் செலுத்தி அவ்வழக்கு முடிக்கப்பட்டது. இந்த வேட்டை 2008ஆம் ஆண்டின் இறுதிவரை நீடித்தது; வலையில் அகப்பட்டோர் ஏறத்தாழ 35,000 பேர். பெரும்பாலோர் வழக்கறிஞரை அமர்த்த வகையின்றிச் சில ஆயிரம் டொலர் கட்டித் தப்பினர்.

மினசோட்டா மாநிலத்துத் தாய் ஒருத்தி பணிய மறுத்து நீதிமன்றம் ஏறினாள். வழக்குக்குரிய பாட்டுகள் 24. கடையிலே வாங்கியிருந்தால் அவற்றின் விலை 24 டொலர். 2007இல் யூரர் விதித்த நட்டஈடு 222,000 டொலர். மறு விசாரணையில், 2009இல், அது 1,920,000 டொலர் ஆயிற்று, பாட்டொன்றுக்கு 80,000! நீதிபதியே மனம் பொறாது அதனை 54,000 ஆகக் குறைத்தார். கம்பனிகள் விடவில்லை. இழுபறியின் முடிவில் 2012இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் முதலாவது தொகையாகிய 222,000 டொலரையே நிலைநிறுத்தியது. பாட்டொன்றுக்கு 9,250 டொலர். கம்பனிகள் தம் உண்மை நட்டத்தை எண்பிக்க வேண்டியதில்லை. படைப்பு ஒன்றுக்கு 750 டொலரிலிருந்து, வேண்டுமென்று செய்த மீறலாயின் 150,000 டொலர்வரை விதிக்கலாம் என்று அந்நாட்டுச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. இனிப்புத் திருடிய பிள்ளைக்கு எந்த நீதிமன்றமாவது இனிப்பு விலையைப் போல் ஒன்பதாயிரம் மடங்கு விதித்ததுண்டா? விளக்கவுரையாளரின் உவமை இங்கேயே உடைந்து விழுகிறது.

சரி, குற்றஞ்சாட்டியவரின் கைகள் எவ்வளவு தூய்மையானவை? 2000 மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு, ஐந்து பெருங் கம்பனிகளும் இறுவட்டுகளின் விளம்பர விலை ஓர் எல்லைக்குக் கீழே இறங்காதபடி கடைக்காரரைக் கட்டுப்படுத்தின என்றும், அதனால் மூன்றாண்டுகளில் மக்கள் 480 மில்லியன் டொலர்வரை மிகையாகச் செலுத்தினர் என்றும் மதிப்பிட்டது. மாநிலங்கள் தொடுத்த வழக்கு 2002இல் 143 மில்லியன் டொலர் மதிப்புள்ள இணக்கத்தில் முடிந்தது; அதில் பாதிக்கு மேற்பட்டது பணமாக அன்றி இறுவட்டுகளாகவே கொடுக்கப்பட்டது. தவறேதும் செய்ததாகக் கம்பனிகள் ஒப்புக்கொள்ளவில்லை. எவரும் அவர்களைக் கள்ளர் என்று சொல்லவுமில்லை. பொதுமக்களின் பையில் கைவைப்பதற்கு "விலைக் கொள்கை" என்று பெயர். சிறுமி பாட்டுக் கேட்பதற்குக் களவு என்று பெயர்.

ஆனால் இத்துடன் நின்றுவிட்டால் நாம் கம்பனிகளைத் திட்டியவர்கள் ஆவோமேயன்றி மாணவனின் வினாவுக்கு விடை சொன்னவர்கள் ஆகோம். "கலைஞனின் வயிற்றில் அடிக்காதீர்" என்பதே கம்பனிகளின் பெரிய முழக்கம். அம்முழக்கத்தைத்தான் சோதிக்க வேண்டும். த பேர்ட்ஸ் என்ற புகழ்பெற்ற குழுவின் பாடகர் ரோஜர் மக்குவின், 2000 யூலையில் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் சாட்சியமளித்தார். அறுபதுகளில் நாடெங்கும் முதலிடம் பெற்ற பாட்டுகளைப் பாடிய அவர், அக்குழுவின் இசைத்தட்டுகளுக்காகத் தமக்குக் கிடைத்தது சொற்ப முன்பணம் மட்டுமே, அதற்கு மேல் உரிமைப்பணம் கிடைக்கவில்லை என்றார். அப்போது நாப்ஸ்டருக்கு வயது ஒன்றுதான். முப்பது ஆண்டுகளாக அவர் வயிற்றில் அடித்தவர் யார்?

2003 ஏப்ரிலில் அப்பிள் கம்பனி பாட்டு ஒன்று 99 சதம் என்று ஐடியூன்ஸ் கடையைத் திறந்தது. முதல் வாரத்திலேயே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பாட்டுகள் விற்பனையாகின. நியாயமான விலை வைத்தால் மக்கள் கொடுக்கப் பின்னிற்பதில்லை என்பதை அது காட்டிற்று. எனினும் அந்த 99 சதம் எங்கே போனது? ஏறத்தாழ 70 சதம் ஒலிப்பதிவுக் கம்பனிக்கு, மிகுதி அப்பிளுக்கு. கம்பனிக்குச் சேர்ந்ததிலிருந்து பாட்டை இயற்றியவருக்கும் அவரது வெளியீட்டாளருக்குமாகச் சட்டம் விதித்த தொகை, 2006ஆம் ஆண்டிலிருந்து 2022ஆம் ஆண்டுவரை, 9.1 சதமாக இருந்தது. பாடியவருக்கு ஒப்பந்தப்படி ஒரு சிறு வீதம். அதுவும் ஒலிப்பதிவுச் செலவையும் முன்பணத்தையும் கம்பனி கழித்துக்கொண்ட பின்னரே.

அந்தச் சிறு வீதம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதில்தான் முழுச் சூதும் அடங்கியிருக்கிறது. எமினெம் என்னும் பாடகரின் ஆரம்ப ஒலிப்பதிவுகளைத் தயாரித்தவர்கள், யூனிவேர்சல் குழுமத்தைச் சேர்ந்த கம்பனி மீது தொடுத்த வழக்கை எமது வாசகர் கவனமாகப் படிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இரு வகையான வீதங்கள் இருந்தன. இசைத்தட்டு "விற்பனை" ஆனால் நூற்றுக்கு 12 முதல் 20 வரை. ஒலிப்பதிவைப் பயன்படுத்தப் பிறருக்கு "அனுமதி" கொடுத்தால் வருவாயில் நூற்றுக்கு 50. தரவிறக்கம் இவற்றுள் எது? விற்பனைதான் என்று கம்பனி வாதாடியது. அச்சிட்ட தட்டு இல்லை, பெட்டி இல்லை, லொறி இல்லை, களஞ்சியம் இல்லை. ஆயினும் கலைஞனுக்குக் கொடுக்கும்போது அது தட்டு விற்ற கணக்கே. 70 சதத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு என்றால் எட்டுச் சதத்துக்குச் சற்று மேல்; ஐம்பது என்றால் 35 சதம். 2010 செப்ரெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது அனுமதியே என்று தீர்ப்பளித்தது.

மறுபுறம், காசு கொடுத்துத் தரவிறக்கியவனுக்கு அவர்கள் சொல்வது என்ன? படித்து முடித்த புத்தகத்தை நாம் பழைய புத்தகக் கடையில் விற்கலாம். இசைத்தட்டையும் விற்கலாம். வாங்கியவன் தனக்குரியதை மறுபடி விற்க எவரையும் கேட்கவேண்டியதில்லை. இவ்வுரிமையைத் தரவிறக்கிய பாட்டுக்கும் தருவதாகச் சொல்லி ரீடிஜி என்ற நிறுவனம் 2011இல் தோன்றியது. கப்பிட்டல் கம்பனி வழக்குத் தொடுத்தது. அக்கம்பனி 2012இல் அதே யூனிவேர்சல் குழுமத்துள் சேர்ந்தது. பாட்டைக் கைமாற்றும்போது புதிய பிரதியொன்று உண்டாகிறது, ஆதலால் மறுவிற்பனை உரிமை இங்கே செல்லாது என்ற அக்கம்பனியின் வாதமே 2013இலும், மேன்முறையீட்டில் 2018இலும் வென்றது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாட்டு ஒன்றே, 99 சதமும் ஒன்றே. பாடியவனிடம் பேசும்போது அது விற்பனை. ஆகவே சிறு வீதம். வாங்கியவனிடம் பேசும்போது விற்பனைக்குரிய உரிமை எதுவும் இல்லை, ஆகவே கைமாற்றாதே. ஆக்கியவனுக்கும் அது சொந்தமில்லை, காசு கொடுத்தவனுக்கும் சொந்தமில்லை. இடையில் நிற்பவனுக்கே இரு பக்கமும் சொந்தம். நிலத்தை உழுபவனுக்கும் சோற்றை உண்பவனுக்கும் நடுவே நிற்கும் தரகனை எமது கமக்காரர் நன்கு அறிவர்.

சட்டம் சட்டம் என்று பேசுவோர் மொஸ்கோவின் கதையையும் அறிந்திருப்பது நலம். ஓல் ஒஃவ் எம்.பி.3 என்ற ரஷ்ய நிறுவனம், பாட்டுக்கு விலை வைக்காது, அரிசி நிறுப்பதுபோலத் தரவின் அளவுக்கு விலை வைத்தது. முழு இசைத்தட்டும் ஒன்றிரண்டு டொலருக்குக் கிடைத்தது. ரஷ்யச் சட்டப்படி உரிமைப்பணம் திரட்டும் சங்கமொன்றிடம் அனுமதி பெற்றுள்ளோம் என்றது அந்நிறுவனம். அந்த அனுமதியைப் பெருங் கம்பனிகள் ஏற்கவில்லை. 2006 டிசெம்பரில் அவை நியூயோர்க்கில் தொடுத்த வழக்கு, 11 மில்லியன் பாட்டுகளுக்குத் தலா 150,000 டொலர் என்ற கணக்கில், 1,65,000 கோடி டொலரைச் சுட்டியது. அவ்வாண்டில் ரஷ்ய நாடு முழுவதினதும் உற்பத்தி அத்தொகையிலும் குறைவு! உலக வர்த்தக அமைப்பில் ரஷ்யா சேரவேண்டுமாயின் இக்கடையை மூடுக என்று அமெரிக்கா நெருக்கியது. 2007 யூலையில் கடை மூடப்பட்டது. அடுத்த மாதமே மொஸ்கோ நீதிமன்றம் அதன் முன்னாள் தலைவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. குற்றம் இல்லை, கடையும் இல்லை. தீர்ப்பை எழுதியது நீதிமன்றமா, வர்த்தகப் பேச்சு மேசையா?

இதனாற் சில முற்போக்கு நண்பர்கள், "எல்லாப் பாட்டும் எல்லார்க்கும் இலவசம், அதுவே பொதுவுடைமை" என்று முழங்குகின்றனர். இவர்களோடும் நாம் உடன்படுவதற்கில்லை. பகிர்ந்து கேட்பதைக் களவென்று எம்மவர் ஒருபோதும் கருதியதில்லை என்பது உண்மைதான். எண்பதுகளில் யாழ்ப்பாணத்து ஒலிப்பதிவுக் கடைகளிற் பட்டியல் எழுதிக் கொடுத்து ஒலிநாடாவில் பாட்டுப் பதிவித்ததையும், மின்சாரம் அற்ற தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி அதனைக் கேட்டதையும் எம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களைக் கள்ளர் என்பவன் மனிதனல்லன். ஆனால் பாட்டு என்பது உழைப்பு. வயலின்காரன் கூலியாள். கவிஞனுக்கும் வீட்டு வாடகை உண்டு. ஆசிரியர் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்யும் நாம், பாட்டுக்காரன் மட்டும் சம்பளமின்றிப் பாடவேண்டும் என்பது என்ன நியாயம்? இலவசமாகப் பாட்டுக் கிடைத்த இடமெல்லாம் கைபேசி விற்றவனும் விளம்பரம் விற்றவனும் இலாபம் பெற்றார்கள். ரஷ்யக் கடையின் மலிவுப் பாட்டாலும் பாடியவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

இன்று தரவிறக்கமும் பழங்கதையாகி வருகிறது. மாதச் சந்தாவுக்கு ஓடையாகப் பாட்டை ஓடவிடும் ஸ்பொட்டிஃபை போன்றவை வந்துவிட்டன. அதில் தொடக்கத்திலேயே பெருங் கம்பனிகள் பங்குகளைப் பெற்றிருந்தன. 2024ஆம் ஆண்டு முதல், முந்திய பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமைப்பணம் இல்லை என்று அது விதி செய்தது. அப்பணம் அதிகம் கேட்கப்படும் பாட்டுகளுக்குப் போகிறது. 999 பேர் கேட்ட ஒரு கிராமத்துப் பாடகனின் சில சதங்களை எடுத்து நட்சத்திரத்தின் பையிற் போடும் இச்செயலுக்கும் ஒரு பெயர் வேண்டும். விளக்கவுரையாளர் தருவாரா?

அம்மாணவனின் கைபேசியில் இருந்தவை பெரும்பாலும் தமிழகத்துத் திரைப்பாடல்கள். அங்கும் இதே கதைதான். படத் தயாரிப்பாளர் பணம் கொடுத்து ஆக்குவித்த பாட்டு, மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, தயாரிப்பாளருக்கே உரியது என்று 1977இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவனும் இசையமைத்தவனும் ஒருமுறை கூலி வாங்கிப் போகவேண்டியதே. 35 ஆண்டுகள் கழித்து, கவிஞரும் இசையமைப்பாளரும் விடாது போராடியதன் பயனாக, 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரையரங்கிற்கு வெளியே பாட்டு ஒலிக்கும் இடங்களில் வரும் உரிமைப்பணத்தில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சமபங்கு உண்டு. அப்பங்கை அவர்களே விரும்பினாலும் கம்பனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. இந்தக் கடைசி வரிதான் முக்கியமானது. பசித்தவன் கையெழுத்திடுவான் என்பதை அறிந்து, அக்கையெழுத்தைச் செல்லாததாக்கிய வரி அது. அந்த வரி வந்ததனால் அங்கே பாட்டுக் கேட்பவர் எவருக்கும் எந்தத் தடையும் புதிதாக ஏற்படவில்லை.

எமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பாடசாலைக்கு வந்தவர் அதன் தண்டனைப் பிரிவை மாணவருக்கு உரத்து வாசித்தாராம். ஆக்கியவனின் பொருளாதார உரிமைகள் எவ்வாறு இன்னொருவர் கைக்கு மாற்றப்படலாம் என்று சொல்லும் பிரிவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அதை அவர் வாசிக்கவில்லை. மறுமுறை அவர் வரும்போது அதனையும் வாசித்துக் காட்டும்படி எழுந்து நின்று கேட்குமாறு மாணவனிடம் சொல்லியிருக்கிறோம்.