நஞ்சான நிலத்தைச் சுத்தம் செய்ய யார் பணம் தருவது? பழைய பாலிசிகள் சொல்லும் பாடம்

தொழிற்சாலையை மூடிவிட்டு முதலாளி போய்விடுகிறார். அவர் மண்ணில் கொட்டிய நஞ்சு போவதில்லை. அது நிலத்தடி நீரில் இறங்கி அடுத்த தலைமுறை வரை தொடர்கிறது. சுத்தம் செய்யும் செலவு பெரும்பாலும் வரி கட்டும் நம் தலையில்தான் விழுகிறது.

அமெரிக்காவில் இந்தச் செலவுக்கு எதிர்பாராத ஒரு வழி கிடைத்தது. அலமாரிகளில் தூங்கிக் கிடந்த பழைய இன்சூரன்ஸ் பாலிசிகள்தான் அது.

நியூயார்க் மாநிலத்தின் லவ் கெனால் பகுதியில், ரசாயனக் கழிவு புதைக்கப்பட்ட இடத்தின் மேல் பள்ளிக்கூடமும் அதைச் சுற்றி வீடுகளும் எழுந்தன. 1978இல் அங்கே அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அதன் விளைவாக 1980இல் 'சூப்பர்ஃபண்ட்' சட்டம் வந்தது. எத்தனை ஆண்டுகளுக்கு முன் கொட்டியிருந்தாலும், கொட்டியவரே சுத்தம் செய்ய வேண்டும் என்றது அச்சட்டம்.

நிறுவனங்கள் பழைய கோப்புகளைத் தேடத் தொடங்கின. அன்றைய பொதுப் பொறுப்புப் பாலிசிகளில் ஒரு சிறப்பு உண்டு. பாலிசி நடப்பில் இருந்த காலத்தில் சேதம் ஏற்பட்டிருந்தால் போதும். பல ஆண்டுகள் கழித்தும் இழப்பீடு கோரலாம். 1970களின் தொடக்கத்தில், திடீர் விபத்தால் வந்த மாசுக்கு மட்டுமே பணம் தருவோம் என்று காப்பீட்டு நிறுவனங்கள் விதியை மாற்றின. 1986இல் அந்தக் கதவையும் ஏறக்குறைய மூடிவிட்டன. ஆகவே பாலிசி பழையதாக இருக்க இருக்க அதற்கு மதிப்பு அதிகம். மூலப் பத்திரம் தொலைந்திருந்தாலும் பிரீமியம் ரசீது, கணக்குப் புத்தகம், கூட்டக் குறிப்பு போன்றவற்றைக் கொண்டு அதை நிரூபிக்கலாம். இவற்றைத் தேடிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

கலிபோர்னியாவின் ஸ்ட்ரிங்ஃபெலோ அமிலக் குட்டைகள் இதற்கு நல்ல உதாரணம். 1956 முதல் 1972 வரை அங்கே 3 கோடி கேலனுக்கு மேல் திரவக் கழிவு கொட்டப்பட்டது. இடத்தைத் தேர்ந்தெடுத்தது மாநில அரசு என்பதால் பொறுப்பும் அதன் மேல் விழுந்தது. அரசு தன் பழைய காப்பீட்டு நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தது. பல ஆண்டுப் பாலிசிகளின் வரம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக் கோரலாம் என்று 2012இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இது எளிதான வழி அல்ல. வழக்குகள் பல்லாண்டுகள் இழுக்கும். காப்பீட்டு நிறுவனமே திவாலாகியிருக்கலாம். தெரிந்தே செய்த சேதத்துக்குப் பணம் கிடைக்காது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். போபால் யூனியன் கார்பைடு ஆலையில் கிடந்த சுமார் 337 டன் கழிவு, விபத்து நடந்து 40 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில்தான் வெளியேற்றப்பட்டது. அதற்கு மத்திய அரசு ஒதுக்கியது 126 கோடி ரூபாய், அதாவது மக்கள் பணம். 2025 ஜூலையில் மாசடைந்த நிலங்களுக்கான புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்கின்றன அவை. ஆனால் அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் சுமை மீண்டும் அரசிடமே வருகிறது.

பழைய பாலிசிகள் நமக்கும் கைகொடுக்குமா? பெரிதாக எதிர்பார்க்க முடியாது. இங்கே விற்கப்படும் பொதுப் பொறுப்புப் பாலிசிகள் பொதுவாக, பாலிசி நடப்பில் இருக்கும்போதே கோரிக்கை வந்தால்தான் பணம் தரும். போபாலுக்குப் பின் வந்த 1991ஆம் ஆண்டுச் சட்டமும் விபத்தை மனதில் வைத்தே எழுதப்பட்டது; ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசியும் நஞ்சு அதன் கவனத்தில் இல்லை.

எனவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு. ஆலைக்கு அனுமதி தரும் நாளிலேயே, பிற்காலச் சுத்திகரிப்புக்கான காப்பீட்டையோ வைப்புத் தொகையையோ அரசு பெற வேண்டும். அந்த ஆவணங்களை ஆலை மூடிய பிறகும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பாதுகாக்க வேண்டும். ஆலை ஓடும்போது லாபம் யாருக்குப் போகிறதோ, அவரிடமிருந்து அன்றே வாங்கி வைக்காத பணத்தைப் பிற்காலத்தில் ஊர் மக்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.