ஒரு கோடிப் பவுன் மோட்டார்

பாட்டியின் காசுமாலையை அழித்து அம்மா இரட்டை வடச் சங்கிலி செய்துகொண்டாள். அதை அழித்துப் பெண் வளையலாக்கிக்கொண்டாள். இன்றும் யாராவது விசாரித்தால், "இது எங்கள் பாட்டி நகையாக்கும்!" என்றுதான் பதில் வருகிறது. உருவம் மாறினாலும் தங்கம் அதே தங்கமாயிற்றே என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். ஆனால் தங்கமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிப் போயிருந்தால்?

1990-ஆம் வருஷம் லண்டன் ஹைகோர்ட்டில் ஒரு நீதிபதி ஏறக்குறைய இந்தக் கேள்விக்குத்தான் விடை சொல்ல வேண்டியிருந்தது. தகராறு நகையைப் பற்றி அல்ல. விலைக்கு வந்த ஒரு பழைய மோட்டாரைப் பற்றி.

அது இங்கிலாந்தின் பெண்ட்லி கம்பெனி செய்த 'ஸ்பீட் ஸிக்ஸ்' வண்டி. செல்லப் பெயர் 'ஓல்ட் நம்பர் ஒன்'. பிரான்ஸில் லெ மான் என்ற ஊரில் இருபத்துநாலு மணி நேரம் ஓயாமல் ஓட்டும் பந்தயம் ஒன்று நடக்கிறது. 1929, 1930 இரண்டு வருஷமும் அதில் முதலில் வந்தது இந்த வண்டிதான். இரண்டு முறையும் இதை ஓட்டிய இருவரில் ஒருவர் உல்ஃப் பார்னாட்டோ. தென்னாப்பிரிக்காவில் வைரத்தால் குபேரரான ஒருவரின் பிள்ளை. பெண்ட்லி கம்பெனிக்குப் பணம் போட்டு அதன் தலைவராகவும் இருந்தவர். முதலாளியே டிரைவராக உட்கார்ந்தால் வண்டி ஓடாமல் என்ன செய்யும்!

1931-இல் கம்பெனி நொடித்து ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போயிற்று. வண்டிக்கு மட்டும் ஓய்வில்லை. எட்டு லிட்டர் எஞ்சின் ஒன்றைப் பொருத்தி, 1932-இல் புரூக்லாண்ட்ஸ் மைதானத்தில் இறக்கினார்கள். அங்கே ஓடுபாதையின் சரிந்த கரை விளிம்பைத் தாண்டி வண்டி வெளியே பாய்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். வேறொருவராக இருந்தால் அந்த இரும்பை எடைக்குப் போட்டுத் தலைமுழுகியிருப்பார். பார்னாட்டோ அதைச் செப்பனிட்டு, கூரை போட்ட சாலை வண்டியாக மாற்றினார். பல கைகள் மாறியபின், கடைசி உரிமையாளர் பந்தய காலத்துத் திறந்த உருவத்தையே மறுபடி அமைத்து, விற்க முன்வந்தார்.

விலை ஒரு கோடி ஸ்டர்லிங் பவுன். அடேயப்பா!

வாங்குவதாக ஒப்புக்கொண்ட கம்பெனி பிறகு பின்வாங்கியது. "இது அந்த வண்டியே அல்ல" என்றது. விற்றவர் கோர்ட்டுக்குப் போனார்.

வாங்கியவர் கட்சியை லேசாகத் தள்ளிவிட முடியாது. நீதிபதி ஆட்டன் உறுப்பு உறுப்பாகக் கணக்கெடுத்தார். 1929-இல் ஜயித்த வண்டியிலிருந்து, காலம் நிர்ணயிக்க முடியாத சில்லறைச் சாமான்கள் இருந்தால் உண்டு, வேறொன்றும் மிஞ்சவில்லை. 1930 வண்டியிலிருந்து பெடல் தண்டு, கியர் பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு ஆகிய மூன்றே மூன்று. அடிச்சட்டமும் முன் அச்சும் 1932 வண்டியைச் சேர்ந்தவை.

அப்படியும் விற்றவர் பக்கம்தான் தீர்ப்பாயிற்று. 'ஒரிஜினல்' என்று இதைச் சொல்ல முடியாது, ஆனால் உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் இதுதான் என்றார் நீதிபதி. யாரோ ஒரு நாள் புதிதாக ஒரு வண்டி செய்து பழைய பெயரை ஒட்டிவிடவில்லை. உறுப்புகள் அவ்வப்போது மாறின. சரித்திரம் நடுவில் அறுபடவில்லை. இந்தப் பெயருக்குப் போட்டியாக வேறு வண்டியும் உலகில் கிடையாது. ஆகவே ஒப்பந்தம் செல்லும்!

எனக்கு இந்தத் தீர்ப்பு ரொம்பவும் பிடித்திருக்கிறது. ஒரு கோடிப் பவுன் கொடுக்க வேண்டியவன் நானாக இருந்தால் பிடித்திருக்குமா என்று கேட்காதீர்கள்.

இதெல்லாம் கோடீசுவரர் வீட்டுத் தகராறு. அந்த நாட்டில் சாதாரண மனிதர் ஆசைப்படும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் எம்.ஜி.பி. ஆபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். இதற்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. தகட்டு உடம்பேதான் முதுகெலும்பு. கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற பகுதியில்தான் பலமெல்லாம் இருக்கிறது. அந்த ஊர் மழையும், பனிக்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பும் முதலில் அரிப்பதும் அதைத்தான். சில புண்ணியவான்கள் துருவின் மேல் புதுத் தகடு ஒட்டி, புட்டி பூசி, பளபளவென்று சிவப்புப் பெயிண்ட் அடித்து, 'முழுவதும் புதுப்பித்தது' என்று விளம்பரம் கொடுத்துவிடுகிறார்கள்.

விஷயம் தெரிந்தவர் பெயிண்டைப் பார்த்து மயங்குவதில்லை. பையில் ஒரு காந்தத் துண்டு வைத்திருப்பார். தகடு இருந்தால் அது ஒட்டும். வெறும் புட்டியாக இருந்தால் ஒட்டாது. கதவைச் சுற்றியுள்ள இடுக்கு ஒரே சீராக இருக்கிறதா என்று பார்ப்பார். கதவைத் தூக்கிப் பிடித்து அழுத்தினால்தான் மூடுகிறது என்றால், வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுவார்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1988-இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, எம்.ஜி.பி.யின் முழு உடம்பையே புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தது. பழைய எஞ்சினையும் அச்சுகளையும் அதில் மாட்டினால் கிடைப்பது பழைய வண்டியா, புது வண்டியா? என்னைக் கேட்டால், "உடம்பு புதிது, இதோ ரசீது, வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்கள் இதோ" என்று மேஜைமேல் கட்டைப் போடுகிறவரிடம் தாராளமாக வாங்கலாம். கட்டு எங்கே என்று கேட்டவுடன் அவர் பெயிண்டின் அழகைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், முழங்கால் அழுக்காவதைப் பார்க்காமல் காந்தத்தோடு வண்டிக்கடியில் குனிய வேண்டியதுதான்.