சாட்சியைக் கேளாத தீர்ப்பு

சாட்சியைக் கேளாமலே தீர்ப்பு வழங்கும் நீதிமன்றத்தை எந்த நாடாவது பொறுக்குமா? பொறுக்காது. ஆனால், கண்டியைச் சூழ்ந்த மலைகளில் வாழும் தமிழ் மக்கள் நோயாளராக வந்து நிற்கும்போது அத்தகைய தீர்ப்பே அவர்களுக்குக் கிடைக்கிறது.

கலஹாவிலோ, தெல்தோட்டையிலோ, புசல்லாவையிலோ கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்குத் திடீரென நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கைகால் நடுங்குகின்றன, இக்கணமே உயிர் போய்விடும் என்ற அச்சம் கவ்வுகிறது. சில நிமிடங்களில் உச்சத்தை அடையும் அவ்வேதனை பின்னர் தணிந்துவிடுகிறது. பஸ் ஏறிப் பட்டணத்து மருத்துவமனைக்கு வருகிறாள். இ.சி.ஜி. எடுக்கிறார்கள், பழுதில்லை. "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ" என்பதே தீர்ப்பு! மறுவாரமும் அதே வேதனை. கோடாங்கியும் மந்திரித்த நூலுமே அவளுக்குக் கதி.

ஒன்றுமில்லையா? இதுவன்றோ பீதிநோய்! அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கம் 1980ஆம் ஆண்டிலேயே இதனைத் தனி நோயாக வகுத்துவிட்டது. இருதய நோய், தைரொயிட் கோளாறு, இரத்தசோகை ஆகியவை இல்லையென உறுதிசெய்வது மருத்துவரின் முதற்கடமை. அதனை எவரும் மறுக்கவில்லை. ஆனால், அதன்பின் பீதிநோயை நிறுவிக்காட்டும் இரத்தப் பரிசோதனை உலகில் எங்கும் இல்லை. வேதனை எத்தகையது, எப்பொழுது வருகிறது, மீண்டும் வருமென அஞ்சி எவ்விடங்களை விட்டு ஒதுங்குகிறாள் என்பவற்றை நோயாளியின் வாய்மொழியே சொல்லவேண்டும். அவள் மொழி தமிழ்!

"பக்கத்தில் நிற்பவர் மொழிபெயர்த்தால் போதாதா?" எனச் சிலர் கேட்பர். போதாது. "நெஞ்சை அடைக்கிறது, செத்துப்போவேனோ என்று பயமாயிருக்கிறது" என அவள் சொல்ல, "நெஞ்சுநோவு" என்ற ஒரே சொல்லாக அது மருத்துவரின் செவியை எட்டுகிறது. அச்சம் வழியிலே உதிர்ந்துவிடுகிறது. அதனோடு நோயும் மறைகிறது. அன்றியும், தன் மகனையே மொழிபெயர்ப்பாளனாக வைத்துக்கொண்டு எந்தத் தாய் மனத்தைத் திறப்பாள்?

தீராத நோயன்று இது. சேர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் சில வாரங்களில் பயன் தருகின்றன. பீதியூட்டும் எண்ணங்களை ஆராய்ந்து, அஞ்சி ஒதுக்கியவற்றைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் உளச்சிகிச்சையும் நற்பலன் தருவதென நிறுவப்பட்டுள்ளது. அச்சிகிச்சையின் கருவி பேச்சு! பேச்சை மறுத்துவிட்டு டயஸிபாம் துண்டை மட்டும் நீட்டுவது சிகிச்சையாகாது. நெடுநாள் உண்டால் அம்மாத்திரைக்கே அடிமையாக நேரும்.

சட்டம் யாது கூறுகிறது? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பிரதேசத்திலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வழங்குகிறது. அவ்வுரிமை கச்சேரிப் படிவத்தோடு நின்றுவிடுமா? உயிரைப் பற்றிய பேச்சுக்கு உதவாத உரிமை வேறெதற்கு?

மருத்துவர்களை நாம் பகைக்கவில்லை. "ஒன்றுமில்லை" என்ற சொல்லோடு சிங்கள ஏழையும் திரும்பிச் செல்வதுண்டு. ஆயினும், தன் துயரைத் தன் மொழியில் சொல்லிவிட்டாவது அவன் திரும்புகிறான்!

எனவே நாம் கேட்பவை மூன்று. கண்டி மாவட்டத்தின் ஒவ்வொரு மனநலக் கிளினிக்கிலும் தமிழறிந்த அலுவலர் அல்லது பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இருக்கவேண்டும். உளச்சிகிச்சை தமிழிலே கிடைக்கவேண்டும். தோட்டத்து வைத்திய உத்தியோகத்தர்களுக்கு இந்நோயை இனங்காணும் பயிற்சி அளிக்கவேண்டும்.

நமக்கும் கடமையுண்டு. மனநோய் மருத்துவரை நாடினால் அங்கொடைக்கு அனுப்பிவிடுவார்கள் என நடுங்கும் மடமையை ஒழிப்போம். கற்றோரே, கமக்காரரே, தொழிலாளத் தோழரே! கோரிக்கையைத் தமிழிலேயே எழுதுங்கள். பதிலையும் தமிழிலேயே கேளுங்கள். கேட்பது சலுகையன்று, உரிமை!