வெயிலில் நிற்பவருக்கு ஒளி வைத்தியமா?

ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றில் ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்கின்றன. கண்ணீரும் சீக்கிரம் காய்ந்துபோகிறது. கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்துகிறது, எரிகிறது என்று பல மாதம் சொட்டு மருந்து விட்டுச் சலித்தவர்களுக்குப் பெருநகரத் தனியார் மருத்துவமனைகள் இப்போது ஒளிச் சிகிச்சையைச் சொல்கின்றன. பலர் நினைப்பதுபோல் இது லேசர் அல்ல. கண்ணை மறைத்துவிட்டு, கீழிமைக்குக் கீழேயும் கன்னத்திலும் விட்டுவிட்டுப் பாய்ச்சும் பலத்த ஒளி, ஐ.பி.எல். என்று பெயர். முகச் சிவப்புக்காக இதைச் செய்துகொண்டவர்களுக்குக் கண் வறட்சியும் குறைவதை 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ரோலண்டோ டோயோஸ் கவனித்தார். 2021இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு கருவிக்கு அனுமதி தந்தது. ஆகவே இது ஏமாற்று வேலை இல்லை. ஆனால் தேனிப் பக்கத்து உழைப்பாளிக்கு இது முதல் வைத்தியமாக முடியாது என்பதே என் கட்சி.

அந்த அனுமதியிலேயே தோல் நிறத்துக்கு வரம்பு இருக்கிறது. ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலின் 6 நிறங்களில் முதல் 4க்கு மட்டுமே அது பொருந்தும். நம்மில் ஏராளமானோர் 5, 6இல் வருகிறவர்கள். கருமை தரும் மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடேறுவதால் கொப்புளமோ நிறத் திட்டோ வரலாம். போதாததற்குச் சிகிச்சைக் காலத்தில் வெயில் படக் கூடாது. வாரக்கணக்கான இடைவெளியில் 3, 4 தடவை செய்துகொள்ள வேண்டியதை, திராட்சைத் தோட்டத்தில் கவாத்து செய்பவர் எந்த நிழலில் ஒதுங்கி முடிப்பார்? கருத்த தோல் என்பதற்காகப் புதிய மருத்துவத்தை மறுப்பதா என்று கேட்கலாம். மறுக்கச் சொல்லவில்லை, நம் தோலில் சோதித்துக் காட்டச் சொல்கிறேன். 2020இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்புக்குத் தேறியவை 114 பேரைக் கொண்ட 3 சோதனைகள்தாம். பிறகு நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன, ஆனால் அவையும் பெரும்பாலும் வெளிர்நிறத் தோலில்தான்.

இன்னொன்று, இந்த ஒளி எல்லா வறட்சிக்கும் ஆகாது. இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்து, கண்ணீர் ஆவியாகிறவர்களுக்கே அது உதவும். மூட்டுவாதத்தோடு சேர்ந்து கண்ணீரே ஊறாமல் போனவர்களுக்கு அதனால் பெரிதாகப் பயனில்லை. எது என்று கண்டுபிடிக்கச் சாயச் சொட்டும், இமையில் 5 நிமிடம் செருகும் காகிதப் பட்டையும், இமையை அழுத்திப் பார்க்கும் விரலும் பெரும்பாலும் போதும். தேனியிலேயே 1985 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அடைப்புதான் என்றால் வெந்நீர் ஒத்தடமும் இமைச் சுத்தமும் முதலில். அதை யார் தினமும் செய்வார்கள் என்பது நியாயமான கேள்விதான். செய்தும் தீராதவர்களுக்கு ஒளி இருக்கட்டும். அதற்குப் பணம் கட்டுமுன் டாக்டரிடம் கேளுங்கள்: சுரப்பிதான் அடைத்திருக்கிறதா, என் நிறத்துக்கு இந்தக் கருவி ஒத்துவருமா, நாளைக்கே நான் வெயிலில் நிற்கலாமா?