செத்துப்போன தளத்தின் சொத்து யாருக்கு?

போன வருஷ லீவுல ரெண்டு மாசம் ஒரு வேலை பார்த்தேன். பெரியப்பா பையன், எங்க குடும்பத்துல எல்லாருக்கும் அண்ணன், மொட்டை மாடி ரூம்ல ரெண்டு கம்ப்யூட்டரை வெச்சுக்கிட்டு எஸ்.இ.ஓ. பண்றவர். உங்க கடையோட தளத்தை கூகுள் தேடல்ல மேலே ஏத்தி விடற தொழில். "சும்மாதானேடா இருக்கே, வா"ன்னு கூப்பிட்டார். செமஸ்டர் ஃபீஸ் ஞாபகம் வந்துச்சு, போயிட்டேன்.

காலாவதியாகி விலைக்கு வர்ற பழைய தளங்கள்ல நல்லதா பொறுக்கிக் கொடுக்கணும். அவ்வளவுதான் வேலை. நல்லதுன்னா, உள்ளே என்ன எழுதியிருக்குன்னு பார்க்கவே வேண்டாமாம். வெளியே யார் யார் அதுக்கு லிங்க் கொடுத்திருக்காங்கன்னு பார்த்தா போதும். பல்கலைக்கழகம், நூலகம், பத்திரிகைன்னு இருந்தா ஜாக்பாட்!

ஏன்னு தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் பழைய கதை. 1998ல ஸ்டான்ஃபோர்டு மாணவர்களா இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் சொன்ன யோசனை ரொம்ப எளிமையானது. ஒரு பக்கத்துக்கு இன்னொருத்தர் கொடுக்கிற லிங்க் ஒரு சிபாரிசு. பெரிய மனுஷன் சிபாரிசுக்கு வெயிட் ஜாஸ்தி. இதுதான் பேஜ்ரேங்க். இன்னிக்கு கூகுள் வேற என்னென்னவோ சேர்த்துப் பார்க்குது. ஆனாலும் லிங்க்கோட மவுசு போயிடலை.

இதோட 301ங்கிற நம்பரையும் சேர்த்துக்கோங்க. வீடு மாத்தினா போஸ்ட் ஆபீஸ்ல எழுதிக் கொடுப்போமே, "இனிமே லெட்டரை எல்லாம் புது வீட்டுக்கு அனுப்புங்க"ன்னு, அதேதான். சர்வர் 301னு பதில் சொன்னா, இந்த முகவரி நிரந்தரமா மாறிடுச்சுன்னு அர்த்தம். நாமும் புது இடத்துக்குப் போயிடுவோம், கூகுளும் பழைய சிபாரிசை எல்லாம் புது முகவரி கணக்குல எழுதிக்கும். இப்படித் திருப்பினா பேஜ்ரேங்க் குறையாதுன்னு 2016ல கூகுள்காரர் ஒருத்தரே சொல்லிட்டார்.

அப்புறம் என்ன? ஒருத்தர் பணம் கட்ட மறந்தாலோ செத்துப் போனாலோ, அவரோட டாட் காம் முகவரிக்குக் கொஞ்ச நாள் தவணை உண்டு. அதுக்கு மேல 30 நாள் மீட்புக் காலம், கடைசியா ஒரு 5 நாள். அதுவும் தாண்டினா யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். நல்ல பேரா இருந்தா அதுக்கு முன்னாடியே ஏலத்துக்குப் போயிடும். வாங்கினவர் ஒரு 301 போட்டா, பத்து வருஷச் சிபாரிசு ஒரே ராத்திரியில இடம் மாறிடும்.

ரெண்டாவது வாரமே எனக்கு ஒண்ணு மாட்டிச்சு. யாரோ ஒரு வாத்தியார் பள்ளிப் பசங்களுக்காக வானியல் பத்தி எழுதி வெச்ச தளம். இன்டர்நெட் ஆர்கைவ்ல அதோட பழைய பிரதி இருந்துச்சு. அட்டைக்குழாயும் லென்ஸும் வெச்சு டெலஸ்கோப் செய்றது எப்படின்னு கைப்பட வரைஞ்ச படம் வேற. வேலையை விட்டுட்டு அரை மணி நேரம் படிச்சேன். ஒரு நூலகத்திலிருந்தும் சில பள்ளிக்கூடப் பக்கங்களிலிருந்தும் லிங்க், மொத்தம் 11. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். தனிநபர் கடன் வாங்கித் தர்ற ஒரு தளம் அவரோட கஸ்டமர். வாத்தியார் தளத்தை வாங்கி அங்கே திருப்பறதா பிளான்.

"அண்ணே, டெலஸ்கோப் தேடி வர்ற பையன் கடன் பக்கத்துல போய் நிப்பானே?"ன்னு கேட்டேன். "நாம என்ன திருடறோமா? காசு குடுத்து வாங்கறோம். வீட்டை வாங்கினவன் வாசலை எந்தப் பக்கம் வேணா வைப்பான்டா"ன்னார். அன்னிக்கு எனக்கு பதில் தெரியலை. இப்ப தெரியுது.

வீட்டை வாங்கலாம் அண்ணே. ஆனா நூலகத்துக்காரர் சிபாரிசு பண்ணது வீட்டை இல்லை, அந்த டெலஸ்கோப் படத்தை. அவரை யாரும் கேட்கவும் இல்லை, அவருக்குக் காசும் போகலை. ஊர்ல பேர் எடுத்த பிரியாணிக் கடையை வாங்கி, சாப்பிட வர்றவங்களை எல்லாம் ஆட்டோவுல ஏத்தி ஜவுளிக் கடையில இறக்கி விட்டா எப்படி இருக்கும்?

தளத்தை வாங்கறதே தப்புன்னு நான் சொல்லலை. 2017ல பின்போர்டு, தன்னோட பழைய போட்டியாளரான டெலிஷியஸை 35,000 டாலருக்கு வாங்கிச்சு. புதுசா எதையும் சேர்க்க முடியாதபடி நிறுத்தினாங்க, "எங்க பக்கம் வாங்க"ன்னும் கூப்பிட்டாங்க. ஆனா அங்கே வந்தவருக்கு அவர் சேமிச்ச லிங்க் கிடைச்சுது. வந்தவர் தேடினது கிடைக்குதா, அதுதான் என் கணக்கு.

திருப்பாமலே பேரை மட்டும் உறிஞ்சறதும் உண்டு. அமெரிக்காவுல பெண்கள் எழுதின 'தி ஹேர்பின்' தளம் 2018ல மூடிட்டாங்க. பிற்பாடு அந்த முகவரியை வேற ஒருத்தர் வாங்கி, எந்திரம் எழுதின கட்டுரையாப் போட்டு நிரப்பினது 2024ல வெளியே வந்துச்சு. பழைய கட்டுரை சிலதை விட்டு வெச்சார், ஆனா எழுதின பெண்கள் பேரை எடுத்துட்டு ஆம்பளைப் பேரா போட்டிருந்தார்! அதே வருஷம், 2015ல மூடின ஒரு ஆப்பிள் செய்தித் தளமும் இப்படி உயிர்த்தெழுந்துச்சு, பழைய எழுத்தாளர்கள் பேரோட. அவங்க சத்தம் போட்ட பிறகுதான் பேர் மாறிச்சு.

கூகுள் சும்மா இல்லை. 2024 மார்ச்ல காலாவதியான முகவரியை வாங்கி தேடலை ஏமாத்தறதை ஸ்பாம்னே விதியில எழுதிட்டாங்க. பழைய தொடக்கப்பள்ளி முகவரியில சூதாட்டம் நடத்தறதுங்கிறது அவங்களே கொடுக்கிற உதாரணம். கண்ணை மூடிக்கிட்டு எல்லாப் பக்கத்தையும் முகப்புக்குத் திருப்பினா, பக்கமே காணோம்னு கணக்கு வெச்சுக்கறாங்க. (அண்ணன் மாதிரி ஆட்கள் அதனால பக்கம் பக்கமா திருப்பறாங்க.) ஆனா இதெல்லாம் கூகுள் தேடலுக்குத்தான் காவல். நூலகப் பக்கத்துல இருக்கிற லிங்க்கை அழுத்தற பையனுக்கு இல்லை.

ஏலத்துல விலை ஏறிடுச்சு, அண்ணன் விட்டுட்டார். வேற யாரோ எடுத்தாங்க. நான் அந்த 11 இடத்துக்கும் மெயில் போட்டேன். மூணு பேர் லிங்க்கை ஆர்கைவ் பிரதிக்கு மாத்தினாங்க. ஒருத்தர் நன்றின்னு பதில் போட்டார். மீதி இடத்துல பழைய லிங்க்தான், அழுத்தினா ஷூ விக்கிற கடை வருது.

டிஸ்கி: ரெண்டு மாசச் சம்பளத்தையும் வாங்கிக்கிட்டேன். ஃபீஸ் கட்டியாச்சு. அண்ணன் இதைப் படிப்பார்னு தெரியும்.